கலக்கிக் கொடுத்தவள்

காலை ஷிப்ட் முடித்து வீட்டுக்கு வந்த மாமியார் பின்வாசல் கதவைத் தள்ளியபோது, மருமகள் குழாயடியில் முக்காலி போட்டு உட்கார்ந்து சத்துமாவு டின்னை அலசிக்கொண்டிருந்தாள். அலசிய தண்ணீரைக் கீழே ஊற்றவில்லை. டின் விளிம்பில் வாய் வைத்துக் குடித்தாள். பிறகு விரலை உள்ளே விட்டு அடியை வழித்து, அந்த விரலையும் சப்பினாள். ஏழு மாத வயிறு.

மாமியாரைக் கண்டதும் டின்னை மடிக்குள் மறைத்தாள்.

"என்ன பண்ற நீ?"

"கழுவத்தான் எடுத்தேன் அத்தை. வாசனையா இருந்துச்சு."

மாமியாருக்கு வந்தது இரக்கம் இல்லை, கோபம். அடுத்த வீட்டு ஜன்னல் திறந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தாள். டின்னை வெடுக்கென்று பிடுங்கினாள். மருமகளைப் பட்டினி போடுகிறார்கள் என்று தெரு முழுக்கத் தமுக்கடிக்க வேண்டுமா, வாயும் வயிறுமாக இருப்பவள் செய்கிற காரியமா இது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். பதில் சொல்ல மருமகள் எழுந்தாள். எழுந்தவள் சுவரைத் தேடுவதுபோல் கையை நீட்டினாள். சுவர் கைக்கு எட்டுவதற்குள் சரிந்து விழுந்தாள்.

அது கம்பெனி டின். அந்த ஊரில் கம்பெனி என்றால் ஒன்றுதான். பிஸ்கட், பால்பவுடர், மாவு என்று நாற்பது வகை செய்து கப்பலேற்றுகிற பெரிய உணவுக் கம்பெனி. மாமியார் அங்கே இருபத்திரண்டு வருஷமாக எடை பார்க்கிற பிரிவில் இருக்கிறாள். பெல்ட்டில் வரும் டின் எடை குறைந்தால் இயந்திரம் தட்டிவிடும். இயந்திரம் ஏமாந்தாலும் அவள் ஏமாற மாட்டாள். கையில் தூக்கிப் பார்த்தே "இது ஒல்லி" என்று ஒதுக்கிவிடுவாள். அதனால் அவளுக்குத் தராசு அக்கா என்று பேர் விழுந்தது. சொந்தப் பேர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கம்பெனி ஒரு திட்டம் கொண்டுவந்தது. கடையில் ஒரு டின் சத்துமாவு விற்றால், சுற்றுவட்டாரத்தில் ஒரு கர்ப்பிணிக்கு ஒரு டின் இலவசம். இரும்புச்சத்து சேர்த்த மாவு, சுடுதண்ணீரில் கலக்கிக் குடித்தால் போதும். ஊருக்கும் நல்லது, வாங்குகிறவர் மனசு குளிர்ந்து இன்னொரு டின் வாங்குவார், பங்கு போட்டவர்களுக்கும் நல்லது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய். இதில் பொய் ஒன்றும் இல்லை. மாவு நல்ல மாவு. அதைத் தன் கையால் எடை பார்த்து அனுப்புகிறோம் என்று தராசு அக்காவுக்குப் பெருமைகூட உண்டு.

மருமகள் பேருக்கும் மாதம் ஒரு டின் வந்தது. சாயங்காலம் ஆனால் தராசு அக்கா இரண்டு டம்ளர் கலக்குவாள். ஒன்று லாரி ஓட்டிவிட்டு வரும் புருஷனுக்கு, ஒன்று வெல்டிங் பட்டறையிலிருந்து வரும் மகனுக்கு. உழைத்துக் களைத்து வருகிற ஆம்பிளைகள் பார்த்துக்கொண்டிருக்க, வீட்டில் இருக்கிற பெண் குடிப்பதா? மிஞ்சினால் அவளுக்கு. மிஞ்சியதில்லை. சாப்பாடும் அப்படித்தான். முதலில் ஆண்கள், அப்புறம் மாமியார், எல்லாரும் கைகழுவிய பிறகு பாத்திரத்தோடு மருமகள். யாரும் கூடிப் பேசித் தீர்மானித்த சட்டம் இல்லை அது. தராசு அக்காவும் அந்த வரிசையில் கடைசியில் நின்று, மருமகள் வந்ததால் ஓரிடம் முன்னேறியவள்தான்.

கம்பெனி வாசலை ஒட்டிய மருத்துவமனையில் நர்ஸ் ரத்தம் எடுத்துப் பார்த்தாள். பதினொன்றுக்கு மேல் இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் அளவு ஆறரைதான் இருந்தது. நர்ஸ் திட்டப் பதிவேட்டைப் புரட்டினாள். ஐந்து மாதம், ஐந்து கையெழுத்து.

"அஞ்சு டின் உள்ள போயிருந்தா ரத்தம் இப்படி இருக்காது. யாரு குடிச்சா?"

கட்டிலிலிருந்து மருமகள்தான் பேசினாள்.

"நான்தான் சிஸ்டர். எனக்கு ஒத்துக்கல. குடிச்சா வாந்தி வந்துரும்."

ஒத்துக்கொள்ளவில்லை என்று நர்ஸ் பதிவேட்டில் எழுதிக்கொண்டாள். ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து, குழந்தை வளர்ச்சி போதாது, வாரம் ஒருமுறை வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள்.

வெளியே மரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்ததும், ஏன் அப்படிச் சொன்னாய் என்று மாமியார் கேட்டாள். மருமகள் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"கம்பெனிக்குத் தெரிஞ்சா உங்க வேலைக்கு ஏதாவது ஆயிடுமோன்னு."

மருமகள் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டிவிட்டு மறந்திருக்கலாம். தராசு அக்காவுக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. அவளுக்கு முதலில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. எட்டு மாதத்திலேயே பிறந்தது, இரண்டு நாள்தான் இருந்தது. எடை பத்தவில்லை என்றார் டாக்டர். கொடுத்துவைக்கவில்லை என்றாள் அவளுடைய மாமியார். இருபத்தெட்டு வருஷமாக அவள் மாமியார் சொன்னதையே நம்பியிருந்தாள். அந்த எட்டு மாதமும் தான் என்ன சாப்பிட்டோம் என்று அன்றைக்குத்தான் முதன்முதலாக யோசித்துப் பார்த்தாள்.

அடுத்த டின்னைத் துணிப்பெட்டிக்கு அடியில் ஒளித்துவைத்தாள். டம்ளர் எங்கே என்று புருஷன் கேட்டதற்கு, இந்த மாசம் கம்பெனியில் கொடுக்கவில்லை என்றாள். உண்மையைச் சொல்லத் தைரியம் வரவில்லை. ஆண்கள் கிளம்பிய பிறகு அறைக்கதவைச் சாத்திக்கொண்டு மருமகள் குடித்தாள். தன் பேருக்கு வந்த மாவை அவள் திருடி போலத்தான் குடிக்க வேண்டியிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் திட்ட அதிகாரி அவளைத் தேடி வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும் பெண். தெருத்தெருவாக நடந்து செருப்பு தேய்ந்தவள். பங்குதாரர் கூட்டம் வருகிறது, தொழிலாளி வீட்டுப் பெண் ஒருத்தி மேடையில் இரண்டு நிமிஷம் பேச வேண்டும், உங்கள் வீடுதான் பொருத்தம், செய்வதும் நீங்கள், பயன் பெற்றதும் நீங்கள் என்று ஒரு தாளை நீட்டினாள். 'எங்கள் வீட்டில் ஆரோக்கியம் பூத்தது' என்று தாள் தொடங்கியது.

தராசு அக்கா தாளைத் திருப்பிக் கொடுத்தாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லும்போது அதிகாரி முகத்தில் திடுக்கிடல் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை.

"உங்க வீட்ல மட்டும் இல்லக்கா. பதினோரு தெரு போய்ப் பார்த்தேன். பத்து வீட்டுக்கு ஏழு வீட்ல இதே கதைதான்."

மேலே எழுதிப்போட்டாளாம். எத்தனை டின் கொடுத்தோம் என்பதுதான் அறிக்கையில் வரும், யார் வாயில் போனது என்று வருவதில்லை என்று பதில் வந்ததாம். அப்படியானால் டின்னை வீட்டுக்கு அனுப்பாமல், இங்கேயே உட்காரவைத்துக் கலக்கிக் கொடுத்தால் என்ன என்று தராசு அக்கா கேட்டாள். அதிகாரி கொஞ்சம் தயங்கினாள். வீட்டு அலமாரியில் டின் இருந்தால் வருகிறவர் போகிறவர் பார்ப்பார்கள், கம்பெனி பேர் பரவும். இங்கே குடித்துவிட்டுப் போனால் யார் பார்ப்பார்கள் என்பது மேலிடத்து யோசனை என்றாள். சொல்லிவிட்டு, தானே சொன்னது பிடிக்காதவள்போல் தாளை மடித்தாள்.

"நான் பேசறேன்," என்றாள் தராசு அக்கா. "ஆனா இந்தத் தாள் வேண்டாம்."

அதிகாரி மடித்த தாளைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

கூட்டம் நடந்த மண்டபத்தில் குளிர்சாதனம் எலும்பைக் குடைந்தது. தலைவர் முக்கால் மணி நேரம் பேசினார். பசித்த ஊரில் எந்த வியாபாரமும் செழிக்காது, ஊர் தெம்பாக இருந்தால்தான் நம் பங்கும் தெம்பாக இருக்கும் என்றார். தராசு அக்காவுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. பிறகு அவளைக் கூப்பிட்டார்கள். மைக் உயரமாக இருந்தது. யாரோ வந்து தாழ்த்திவிட்டுப் போனார்கள்.

"எங்க வீட்டுக்கு அஞ்சு டின் வந்துச்சு. என் மருமக பேர்ல வந்துச்சு. அஞ்சையும் என் புருஷனும் மகனும் குடிச்சாங்க. அவங்க பிடுங்கிக் குடிக்கல, நான்தான் கலக்கிக் கொடுத்தேன். மருமக டின்னக் கழுவி அந்தத் தண்ணியக் குடிச்சா. நீங்க நல்லதுதான் செய்யறீங்க. ஆனா அது வாசப்படி தாண்டி உள்ள வந்ததும் எங்க பழக்கம் அதப் பிடிச்சுக்குது. பொம்பள கடைசியாத்தான் சாப்பிடணும்கிற வீட்டுக்கு நீங்க எத்தன டின் அனுப்பினாலும் அவளுக்குக் கழுவின தண்ணிதான்."

முன்வரிசையில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தலைவர் தடுமாறுகிற ஆள் இல்லை. சிரித்துக்கொண்டே எழுந்து மைக் அருகே வந்தார்.

"பார்த்தீங்களா, நம்ம மாவோட ருசி அப்படி. அம்மாவுக்குக் கொடுத்தா குடும்பமே கேக்குது."

சிரிப்பும் கைதட்டலும் ஓய நேரம் பிடித்தது. கடைசி வரிசையில் ஒரு பெரியவர், அவரும் பங்குதாரர்தான், கையைத் தூக்கி, "அந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். அவர் கையில் மைக் இல்லை. அடுத்த தீர்மானத்தை வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

விஷயம் அவளுக்கு முன்னால் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. ஊர் கூடின இடத்தில் என் மானத்தைக் கப்பலேற்றிவிட்டாயே, நானா அவள் வாயிலிருந்து பிடுங்கினேன் என்று புருஷன் கேட்டார். இல்லை, நான்தான் கொடுத்தேன், அதைத்தான் சொன்னேன் என்றாள் அவள். மகன் வாசலில் நின்று வெகுநேரம் கைவிரல்களைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். பிறகு உள்ளே போய், மனைவியிடம் மெதுவாக, எனக்குத் தெரியாது என்றான். அவள், தெரிஞ்சிருக்கணும் என்று சொன்னாள். அந்த வீட்டில் அவள் சொன்ன முதல் எதிர்வார்த்தை அது.

குழந்தை மூன்று வாரம் முன்னதாகவே பிறந்தது. பெண். ஒன்றே முக்கால் கிலோ. பதினேழு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. தராசு அக்கா வேலை முடிந்து தினமும் அந்தக் கண்ணாடிக்கு வெளியே நின்றாள். எத்தனையோ லட்சம் டின்களைத் தூக்கிப் பார்த்த கைக்கு அந்த ஒன்றே முக்கால் கிலோவைத் தொட அனுமதி இல்லை. பதினெட்டாம் நாள் குழந்தை வீட்டுக்கு வந்தது. பிழைத்துவிட்டது; ஆனால் அதன் அழுகை பக்கத்து அறைக்குக்கூடக் கேட்கவில்லை.

மூன்று மாதத்தில் பெல்ட்டில் புது டின் ஓடத் தொடங்கியது. 'தாய்ச்சத்து' என்ற பேர் போய், 'குடும்பச்சத்து' என்று வந்திருந்தது. படத்தில் தாத்தா, அப்பா, மகன் மூன்று பேரும் ஆளுக்கொரு டம்ளர் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். ஓரத்தில் ஒரு பெண் தட்டை ஏந்திக்கொண்டு நின்றாள். அவளும் சிரித்தாள். 'அம்மாவுக்குக் கொடுத்தா குடும்பமே கேக்குது' என்று தலைவர் கூட்டத்தில் சொன்ன வாக்கியமே விளம்பரமாகி வீதிக்கு வீதி நின்றது. விற்பனை அதுவரை காணாத அளவுக்கு ஏறியது. கம்பெனி சொன்ன சொல் தவறவில்லை: விற்ற டின்னுக்கு ஒன்று என்று இலவச டின்னும் ஏறியது. கர்ப்பிணிகளுக்கும் அதே படம் போட்ட டின்தான். இரண்டு படம் அச்சடிப்பது வீண்செலவு என்றார்கள்.

அடுத்த விநியோக நாள் தராசு அக்காவுக்கு வார விடுமுறை. கம்பெனி வாசல் கொட்டகையில் நாற்பது பெண்கள் மேசைக்கு முன் வரிசையில் நின்றார்கள். பாதிப் பேருக்குப் பக்கத்தில் மாமியார். டின்னைத் தூக்கிப் போக ஆள் வேண்டுமே. தராசு அக்கா கொட்டகை ஓரத்தில் ஒரு ஸ்டவ்வைப் பற்றவைத்துப் பெரிய கெட்டிலில் தண்ணீர் வைத்தாள். மருமகள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு டம்ளர்களை அடுக்கினாள். கையெழுத்துப் போட்டு நகர்ந்த முதல் பெண்ணின் டின்னைத் தராசு அக்கா வாங்கினாள். மூடியை நெம்பித் திறந்தாள். இரண்டு கரண்டி போட்டுக் கலக்கி அந்தப் பெண் கையிலேயே கொடுத்து, உட்கார்ந்து குடி என்றாள். மீதி மாவு இருந்த டின்னில் அவள் பேரை எழுதி மேசைக்கடியில் வைத்தாள். நாளைக்கும் வா, தினமும் வா, ஷிப்ட் முடிந்து நான் இங்கேதான் இருப்பேன் என்றாள்.

காவலாளி ஓடிவந்து, இதற்கெல்லாம் உத்தரவு இல்லை என்றான். அவன் திட்ட அதிகாரியைத் திரும்பிப் பார்த்தான். அதிகாரி குனிந்து அடுத்த கையெழுத்தை வாங்கிக்கொண்டிருந்தாள்; நிமிரவே இல்லை.

வரிசையில் நின்ற ஒரு மாமியாருக்குப் பொறுக்கவில்லை. முன்னால் வந்து தன் மருமகளின் டின்னை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க வீட்டு டின்ன நீ யாரு திறக்க? வீட்டுக்குக் கொண்டுபோய் நாங்களே கலக்கிக் கொடுத்துக்கிறோம்."

தராசு அக்கா அவள் கையிலிருந்து டின்னைப் பிடுங்கவில்லை. தன் கையையும் அதன்மேல் வைத்துக்கொண்டு நின்றாள்.

"கொடுப்பீங்க. யாருக்குக் கொடுப்பீங்கன்னு எனக்குத் தெரியும். நானும் கலக்கிக் கொடுத்தவதான்."