மூன்று விரல்களுக்கு ஒரு பலகை

நெல்தா தன் வலது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் உள்ளங்கையோடு மடக்கி, டேப்பால் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். சமையலறை மேசைமேல் அட்டைப்பெட்டியிலிருந்து வெட்டிய ஒரு துண்டு. அதில் ஆறு சோடா மூடிகளை மெழுகால் ஒட்டியிருந்தாள். ஒவ்வொரு மூடியும் ஒரு பொத்தான். கடைகளில் இருக்கும் விளையாட்டு மெஷினைப் போல மூன்று மூன்றாக இரண்டு வரிசை வைத்துப் பார்த்தபோது, மோதிர விரல் எல்லா இடத்துக்கும் ஓடவேண்டியிருந்தது. பத்து நிமிடத்தில் மணிக்கட்டு வலித்தது. இரண்டு மூடிகளைக் கட்டைவிரலுக்குக் கீழே இறக்கினாள். இப்போது சுண்டுவிரல் எட்டவில்லை. மூடிகளைப் பிய்த்து மறுபடி ஒட்டினாள்.

தொர்ரெயோன் நகரில் கார் பாகங்கள் அடிக்கும் பட்டறை ஒன்றில் அவளும் அண்ணன் ரொஹேலியோவும் தகடு அழுத்தும் ஒரே பிரஸ்ஸில் வேலை பார்த்தார்கள். அவன் தகட்டை வைத்து எடுப்பான். அவள் மிதியை அழுத்துவாள். பதினொரு வருடம் அப்படித்தான். ஏழு மாதத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை அவன் வலது கை உள்ளே இருந்தபோது அவள் மிதித்துவிட்டாள்; இரண்டு விரல்கள் போயின. அலுவலகத்தில் கேட்டபோது, தகடு சரிந்ததைப் பிடிக்கப் போனது தன் தவறு என்று ரொஹேலியோ எழுதிக் கொடுத்தான், இடது கையால். அவள் வேலை பிழைத்தது. அதன்பின் அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

முன்பெல்லாம் தினமும் வேலை முடிந்து, தொர்தியா என்ற சோள ரொட்டி விற்கும் கடை மூலையில் இருந்த மெஷினில் அரைமணி நேரம் சண்டை ஆட்டம் ஆடிவிட்டுத்தான் அவன் வீட்டுக்குப் போவான். தெருவில் அவனை ஜெயித்தவர் குறைவு. இப்போது அவன் மனைவி மிரெயா தொர்தியா வாங்கச் சொன்னால்கூட வேறு கடைக்குப் போகிறான். அதைக் கேட்ட அன்றுதான் நெல்தா பலகை செய்ய நினைத்தாள்.

ஞாயிறு சாப்பாட்டுக்கு வரச் சொல்லியிருந்தாள். அவன் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டான். கதவு திறந்தே இருந்தது. கட்டிய விரல்களோடு அவள் மூடிகளைத் தட்டிக்கொண்டிருந்ததை வாசலில் நின்று பார்த்தான். அவள் டேப்பைப் பிய்க்கப் போனாள், அது பிய்யவில்லை.

"என்ன இஞ்சினியரம்மா," என்றான். குரலில் சிரிப்பு இல்லை. "கட்டிக்கிட்டா மட்டும் தெரிஞ்சிடுமா?"

எதிரே உட்கார்ந்து, எப்போதும் கால்சட்டைப் பையிலேயே வைத்திருக்கும் வலது கையை வெளியே எடுத்தான். அட்டைமேல் வைத்தான். மேல் வரிசையில் இருந்த இரண்டு மூடிகளைச் சுண்டுவிரலால் தள்ளினான்.

"இங்க வைக்காத. போன ரெண்டு விரலும் இன்னும் இருக்குற மாதிரிதான் எனக்கு இருக்கு. பொத்தான் தெரிஞ்சா அதுங்கதான் மொதல்ல போகுது. போயி ஒண்ணும் கெடைக்காம வலிக்குது. அந்த எடத்தை காலியா விடு."

அவள் பழுப்புத் தாளை எடுத்து அவன் கைக்கு அடியில் விரித்தாள். கட்டைவிரலில் தொடங்கிப் பென்சிலை ஓட்டினாள். இரண்டு குட்டையான மேடுகளுக்கு வந்தபோது பென்சில் நின்றது. அவன் கையை எடுக்கவில்லை.

"அன்னிக்கு என் கை வெளிய வந்துடுச்சுன்னு நெனச்சியா?" என்று கேட்டான்.

நினைத்தேன் என்ற பதில் ஏழு மாதமாகத் தயாராக இருந்தது. மிரெயாவிடம் அதைத்தான் சொல்லியிருந்தாள். அம்மாவின் கல்லறையிலும் அதையேதான் சொன்னாள்.

"நான் பாக்கவே இல்லண்ணே," என்றாள். "ஜன்னல் பக்கம் பாத்துக்கிட்டிருந்தேன். கால் தானா மிதிச்சிடுச்சு."

அடுப்பில் பீன்ஸ் அடிபிடிக்கும் வாசனை வந்தது, இருவரும் எழவில்லை.

"வரைஞ்சு முடி," என்றான்.

முடித்ததும் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு எழுந்தான். பசிக்கவில்லை என்று சொல்லிப் போய்விட்டான்.

வீட்டு டி.வி.யில் இணைத்து அதே சண்டை ஆட்டத்தை ஆடும்படி, பலகையை அவள் இரண்டு வாரத்தில் மரத்தில் செய்தாள். கட்டைவிரலுக்கு இரண்டு பொத்தான், மோதிர விரலுக்கு மூன்று, சுண்டுவிரலுக்கு லேசாக அழுத்தினால் போதுமான ஒன்று. மணிக்கட்டு படும் விளிம்பை வழவழப்பாக இழைத்தாள். நடுவில் உள்ளங்கை அளவுக்கு வெறும் மரம். பெட்டியில் வைத்து எடுத்துப் போனபோது ரொஹேலியோ வீட்டில் இல்லை. மிரெயா வாங்கி அலமாரிமேல் வைத்தாள். நன்றி சொல்லி ஆள் வரவில்லை. அடுத்த மூன்று ஞாயிறும் அவன் சாப்பிட வரவில்லை. பெட்டியை அவன் திறக்கவே இல்லை என்று மிரெயா ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

சனிக்கிழமை மதியம் நெல்தா கோர்தித்தா என்ற தடித்த சோள ரொட்டி சுட்டு, துணியில் சுற்றிக்கொண்டு நடந்தாள். தெருவில் புழுதிக்காற்று. அண்ணன் வீட்டு ஜன்னல் திரை இழுத்து மூடியிருந்தது. கதவைத் தட்டக் கை ஓங்கியவள் அப்படியே நின்றாள். உள்ளே ஒரு பொத்தான் அமுங்கும் சத்தம். நீண்ட இடைவெளி. இன்னொன்று. ஆட்டத்தில் தோற்றவனுக்காக ஒலிக்கும் மெட்டு வந்தது; முடிந்தது. மறுபடியும் ஒரு பொத்தான்.

கையில் ரொட்டி ஆறிக்கொண்டிருந்தது. அவள் கதவைத் தட்டவில்லை, திரும்பிப் போகவும் இல்லை. புழுதி கண்ணில் விழாமல் முகத்தைச் சுவரோடு ஒட்டிவைத்து, அடுத்த சத்தத்துக்காகக் காத்துநின்றாள்.