றொகான் கொடுத்த பதக்கம்

றொகான் தன் படகு இஞ்சினைத் தன்னோடு கடலுக்குப் போகிற அன்ரனிப்பிள்ளைக்குச் சும்மா கொடுத்த அன்றே எங்கள் குறிஞ்சிப்பிட்டி ஊருக்கு விளங்கிவிட்டது: ஆள் ஒஸ்ரேலியாவுக்குப் போகிறான். யுத்தம் முடிந்து மூன்று வருடம். எங்கள் கரையிலிருந்து எத்தனையோ பேர் களவாகப் படகேறிய காலம். ஒருவன் சாமானை அள்ளிக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு வாயை மூட வேண்டும். சுவருக்கும் காதுண்டு, கதை பொலிசுக்குப் போய்விடும். ஊர்வம்பில் பட்டம் வாங்கியவர்கள்கூட இந்த ஒரு விஷயத்தில் ஊமைகள்.

அவனுடைய ரேடியோ மக்தலேனா வீட்டுக்குப் போனது. "போய் இறங்கினா எங்கள மறந்திராத" என்று ஆளுக்கு ஆள் கண்ணடித்தார்கள். அவனும் ஓம் என்றான். மனைவி டயனா இறந்து எட்டு மாதம், பிள்ளைகளும் இல்லை. அங்கேயாவது நன்றாக இருக்கட்டும் என்றுதான் நானும் நினைத்தேன். மெய்யைச் சொன்னால் எரிச்சலும் இருந்தது. என் மகன் கிளைட்டனும் அப்படித்தான் போனான். ஏதோ ஒரு தீவு முகாமிலிருந்து மாதத்துக்கு ஒரு ரெலிபோன் கோல். கருவாட்டுப் பாயை விரிக்கவும் சுருட்டவும் நான் ஒருத்திதான். ஏசுவதற்குக்கூடக் காகத்தை விட்டால் ஆளில்லை.

ஒருநாள் காலை, கருவாடு திருப்பிக்கொண்டிருந்தபோது றொகான் வேலியடியில் வந்து நின்றான்.

"பவுலினாக்கா, இத நீங்க வச்சிருங்க."

தலவில் கோயில் அன்னம்மாள் பதக்கம். கடலில் காவல் என்று அவன் தாய் கட்டிவிட்டது. அது அவன் கழுத்திலிருந்து இறங்கி நான் பார்த்ததில்லை.

"ஏன்டா, ஒஸ்ரேலியாவில அன்னம்மாவ விடமாட்டாங்களோ?" என்று பகிடி விட்டேன். சிரித்துவிட்டுப் போனான்.

நாலு மீனைத் திருப்பியிருப்பேன், கை நின்றுவிட்டது. கிளைட்டன் போகும்போது சப்பாத்தைக்கூட விட்டுவிட்டுப் போனான். தன் பதக்கத்தை மட்டும் தேடி வீட்டையே புரட்டினான். கடலுக்குப் போகிற எவனாவது அதைக் கழற்றுவானா?

மீனைக் காகத்துக்கு விட்டுவிட்டு ஓடினேன். வெறும் வீட்டில், மிஞ்சியிருந்த ஒரே கதிரையில் அவன் இருந்தான்.

"றொகான், நீ சாகப் போறியோ?"

அவன் கதிரையை என் பக்கம் திருப்பினான்.

"எல்லாரும் ஒஸ்ரேலியா எண்டாங்க. ஓம் எண்டு சொல்லுறது லேசாயிருந்திச்சு. ஒருத்தராவது வேற ஏதும் கேப்பாங்களோ எண்டு பாத்தன், அக்கா."

எனக்கு என்மீதே கோபம் வந்தது. "நான் கேட்டிட்டன். இனிச் சொல்லு" என்று நிலத்தில் உட்கார்ந்தேன். வெயில் சாயும்வரை டயனாவைப் பற்றிச் சொன்னான். நான் புத்தி சொல்லவில்லை. அன்ரனிப்பிள்ளையைக் கூப்பிட்டேன், அன்று அவர் அங்கேயே படுத்தார். மறுநாள் மூன்று பேருமாகச் சிலாபம் ஆஸ்பத்திரி மனநல டொக்டரைப் பார்க்க பஸ் ஏறினோம்.

சாமான்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. கொண்டுவந்தவர்கள் வைத்துவிட்டு ஓடவில்லை, இருந்து கதைத்தார்கள். பதக்கத்தை மட்டும் நான் கொடுக்கவில்லை. அவனாகக் கேட்கட்டும் என்று அலுமாரியில் வைத்தேன். தினமும் வேலியடிக்குப் போய், "இண்டைக்கு எப்பிடி?" என்று கேட்டேன். சில நாள் பதில் வரும், சில நாள் வராது. ஒரு மாதம் போனது.

பிறகொரு விடியற்காலை அவனே வேலியடிக்கு வந்தான்.

"அக்கா, கடலுக்குப் போறன். அதத் தாங்க."

கட்டிவிட்டேன். "எத்தின மணிக்குக் கரைக்கு வருவாய்?"

"பத்து மணிக்கு."

கிளைட்டனிடம் நான் ஒன்றுமே கேட்டதில்லை. ஒன்பது மணிக்கே கரையில் போய் நின்றேன்.