கரி தின்ற வண்டி

கிருபைராஜ் மோட்டார் வண்டி வாங்கிவிட்டார் என்ற செய்தியைப் பாளையங்கோட்டையில் முதலில் யாரும் நம்பவில்லை. மருந்துக்கு ஆகிற நிலாவரை இலையை வாங்கிக் காயவைத்துச் சிப்பம் கட்டித் தூத்துக்குடிக் கப்பலுக்கு அனுப்புகிற வியாபாரிக்கு மோட்டார் என்னத்துக்கு என்று கேட்டார்கள். அவர் மனைவி சாலோமியும் அதையேதான் கேட்டாள்.

துறைமுகத்தில் வேலைபார்த்த துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன வண்டி அது. புகை கிடையாது. முன்னால் நின்று கம்பியைச் சுழற்றித் தோள்பட்டை நோகவேண்டியதில்லை. ஆசனத்தில் உட்கார்ந்து ஒரு பிடியைத் தள்ளினால் போதும், பூனை நடக்கிற மாதிரி சத்தமில்லாமல் நகரும். மின்சாரத்தில் ஓடுகிற வண்டி.

"மின்சாரத்துக்கு எங்க போவிய?" என்றாள் சாலோமி. "நம்ம ஊருல விளக்குக்கே சீமையெண்ணெய்தான ஊத்துதோம்?"

"நாமளே உண்டாக்குவோம்ட்டி. அதுக்கும் இஞ்சின் வருது."

வீட்டுக்குப் பின்னால் இலைச் சிப்பம் அடுக்கிவைக்கிற கிட்டங்கியை ஒட்டி ஒரு கொட்டகை எழுந்தது. எண்ணெய் இஞ்சினும் டைனமோவும் வந்து இறங்கின. பருத்தி அரைக்கிற ஆலையில் இஞ்சின் பார்த்துப் பழகிய பூதத்தானைச் சம்பளத்துக்கு வைத்தார்கள். வண்டியின் ஆசனத்துக்கு அடியிலும் முன்பக்கப் பெட்டியிலும் கருங்கண்ணாடி ஜாடிகள் மாதிரி வரிசையாகப் பாட்டரிகள் இருந்தன. அவற்றுக்குள் ஈயத் தகடும் திராவகமும். வண்டி ஒரு நாள் ஓடவேண்டுமானால் அதற்கு முந்தின நாள் முழுக்க இஞ்சின் ஓடவேண்டும். அது ஓடுகிறபோது அடுக்களைப் பாத்திரங்கள் ஒன்றோடொன்று உரசிக் கிலுகிலுக்கும். தெருவுக்கே பல நாள் விளக்கெரியப் போதுமான எண்ணெயைக் காலையில் ஊற்றினால் சாயங்காலத்துக்குள் குடித்து முடித்திருக்கும். அதற்குப் பிறகு கிருபைராஜ் ஆற்றுப் பாலத்தைத் தாண்டித் திருநெல்வேலிக் கடைத்தெரு வரை போய்விட்டு வருவார். மனுஷன் முகத்தில் அப்போது தெரிகிற வெளிச்சத்தைப் பார்த்தால் சாலோமிக்கு ஒன்றும் சொல்லத் தோன்றாது.

வண்டி வருவது யார் காதுக்கும் கேட்காததுதான் தொல்லை. ஆடு மேய்க்கிற சுடலையாண்டியின் சினையாடு ஒன்று முருகன்குறிச்சி வளைவில் சக்கரத்துக்கு அடியில் போயிற்று. கிருபைராஜ் அதற்கு ஈடு கொடுத்தார். ஆனாலும் அதற்குப் பிறகு அந்தப் பக்கத்துப் பெண்கள் பிள்ளைகளைத் தெருவில் விட்டால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

இரண்டாம் வருஷம் பாட்டரிகள் சோர ஆரம்பித்தன. இஞ்சின் எவ்வளவு நேரம் ஓடினாலும் வண்டி பாதித் தூரத்தில் படுத்துவிடும். ஆழ்வார்குறிச்சியில் கட்டிக்கொடுத்திருந்த மகள் லில்லியைப் பார்க்க ஒருநாள் புறப்பட்டுப் போனவர் சேரன்மகாதேவியைத் தாண்டவில்லை. இரண்டு உழவுமாடுகள் வண்டியை இழுத்துக்கொண்டு திரும்பின. சந்தைக்குப் போன சனமெல்லாம் நின்று பார்த்துச் சிரித்தது. அவர் பிடியை விடாமல் நேரே பார்த்தபடி உள்ளே உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்ததும் பாட்டரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார்.

"லில்லி ஊருக்குத்தான் ரயிலு போகுதேங்க" என்றாள் சாலோமி பைய.

"ரயிலுல எல்லாவனும் போறான்."

அந்த வருஷம்தான் சீமையில் சண்டை மூண்டது. கடலில் ஜெர்மன் கப்பல் திரிகிறது என்றார்கள். சென்னைப் பட்டணத்து எண்ணெய்த் தொட்டிகள் குண்டு விழுந்து எரிந்தன. இலைச் சிப்பங்கள் கிட்டங்கியிலேயே தேங்கின. சீமையெண்ணெய் கேட்டால் கடைக்காரர்கள் கையை விரித்தார்கள். இத்தோடு விட்டது என்று சாலோமி மனதுக்குள் கர்த்தருக்கு நன்றி சொன்னாள்.

ஆனால் கிருபைராஜ் விடவில்லை. மூடிப்போன ஆலை ஒன்றிலிருந்து ஆளுயர இரும்பு உலை ஒன்றை வாங்கிவந்து இஞ்சின் பக்கத்தில் நிறுத்தினார். அதற்குள் மரக்கரியைக் கொட்டி நெருப்பு வைத்து, கைச்சக்கரம் சுழற்றிக் காற்றடித்தால், கரியிலிருந்து ஒரு வாயு கிளம்பும். இஞ்சின் அதை உறிஞ்சி ஓடும். எண்ணெயே தேவையில்லை. அந்த வாயுவுக்கு நிறமில்லை, வாசனையும் இல்லை.

கரிமூட்டம் போடுகிற பிச்சைக்கண்ணு வாரந்தோறும் மாட்டுவண்டியில் கரி கொண்டுவந்தான். முதலில் பக்கத்து உடைமரக் காட்டில் வெட்டினான். பிறகு நாங்குநேரிப் பக்கம் போனான். வர வர அவன் வருவதற்கு நாளாயிற்று.

"கிட்டக்க மரமே இல்லம்மா. வெட்டாந்தரையாக் கெடக்கு" என்றான். "நம்ம தோப்புப் புளியைத் தொடலாமான்னு அய்யாகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க."

சாலோமி கேட்கவில்லை. அவனே கேட்டுவிட்டான். ஆற்றோரத் தோப்பில் காய்த்துக்கொண்டிருந்த புளியமரங்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. அங்கே குளிக்கப் போகிறவர்கள் புகை மூட்டத்தைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

கொட்டகைக் கூரையில் கூடுகட்டியிருந்த சிட்டுக்குருவிகள் ஒருநாள் காலையில் தரையில் கிடந்தன. ஒரு காயமும் இல்லை. சாலோமி அவற்றை முறத்தில் அள்ளிக் கொண்டுபோய்ப் புதைத்தாள். அந்த வாரத்திலேயே பூதத்தான் வேப்பமரத்தடியில் குந்தி வாந்தியெடுத்தான்.

"என்னடே செய்யுது?"

"தலை கல்லு மாதிரி கனக்குதும்மா. வெளிய வந்தா தெளியுது. உள்ள போனா மறுபடியும் பிடிக்குது."

ஒருநாள் அவனுக்குக் காப்பி கொடுக்கப் போய்ச் சிறிது நேரம் உள்ளே நின்றாள். காதுக்குள் வண்டு ரீங்கரித்தது. முழங்கால் தன்னுடையதில்லை என்பது போலத் துவண்டது. சுவரைப் பிடித்துக்கொண்டே வெளியே வந்தாள். கணவரிடம் சொன்னபோது அவர் வெயில் என்றார், பித்தம் என்றார். "உனக்கு அந்த வண்டிய ஆரம்பத்துல இருந்தே பிடிக்கல" என்றும் சொன்னார். அது உண்மையாகையால் அவள் மேற்கொண்டு வாதாடவில்லை.

லில்லிக்குத் தலைப்பிரசவம். பேறுகாலத்துக்கு அழைத்துவர வேண்டும்.

"ரயிலு குலுக்கும், மாட்டுவண்டி அதைவிடக் குலுக்கும். எம் மவ இந்த வண்டியிலதான் வருவா" என்றார் கிருபைராஜ். போகிற வழியில் சேரன்மகாதேவியிலேயே ஒரு அரிசி ஆலை இருந்தது. அங்கே டைனமோ இருக்கிறது, நடுவில் நிறுத்தி மின்சாரம் ஏற்றிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு பண்ணியிருந்தார். "ஒரு பகல் அங்கன தங்கணும், அவ்வளவுதான்."

"நிறைமாசக்காரியக் கூட்டிட்டு ஆலையில போயா தங்குவிய?"

அவர் கொட்டகைக்குள் போனார்.

புறப்படுவதற்கு முந்தின நாள் ஐப்பசி மழை காலையிலேயே கொட்டத் தொடங்கியிருந்தது. சாரல் டைனமோ மேல் அடிக்கக்கூடாதென்று கொட்டகைக் கதவைச் சாத்தி, கீழே சாக்கைத் திணித்தார்கள். இஞ்சின் தடதடத்தது. சாலோமி அடுக்களையில் மகளுக்காகக் கருப்பட்டியும் சுக்கும் இடித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று பாத்திரங்களின் கிலுகிலுப்பு நின்றது. இஞ்சின் நின்றுவிட்டது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. மழைச் சத்தம் மட்டும் கேட்பது எவ்வளவு சுகமாக இருக்கிறது என்று நினைத்தாள்.

மறுபடியும் கிளப்புவார்கள் என்று காத்திருந்தாள். காற்றடிக்கிற கைச்சக்கரம் சிறிது நேரம் கிறீச்சிட்டது. அதுவும் நின்றது. அதற்குப் பிறகு ஒரு பேச்சுச் சத்தமும் இல்லை. கிருபைராஜ் இஞ்சின் நின்றால் கூப்பாடு போடாமல் இருக்கிற ஆளில்லை.

உலக்கையைப் போட்டுவிட்டு ஓடினாள். கதவைத் தோளால் இடித்துத் திறந்தாள். உள்ளே புகையில்லை, நெருப்பில்லை. எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. கதவுக்குச் சற்று உள்ளே பூதத்தான் குப்புறக் கிடந்தான். அவனுக்கு அப்பால், உலையடியில், கைச்சக்கரத்தில் கையைப் போட்டபடியே கணவர் சரிந்திருந்தார். கன்னம் இரண்டும் காய்ச்சல்காரனுக்குப் போல் சிவந்திருந்தன.

பூதத்தானைத் தாண்டிப் போயிருக்கலாம். அவள் போகவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு அவன் இரண்டு கைகளையும் பிடித்து மழைக்குள் இழுத்துப் போட்டாள். திரும்பி உள்ளே போனபோது தரை அவளை நோக்கி எழும்பி வந்தது. வாசல் நிலையைப் பற்றிக்கொண்டு "ஏலே பிச்சைக்கண்ணு!" என்று அலறினாள். கிட்டங்கித் தாழ்வாரத்தில் கரி இறக்கிக்கொண்டிருந்தவன் ஓடிவந்து கிருபைராஜைத் தூக்கினான்.

பூதத்தான் மழையிலேயே இருமி எழுந்தான். கிருபைராஜுக்கு நினைவு திரும்ப மறுநாள் ஆயிற்று. மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் அவர் கண்ணை விரித்துப் பார்த்துவிட்டு, "பிழைச்சது பெரிசு. ஆனாலும் கொஞ்ச நாள் கவனமாப் பாத்துக்கிடுங்க" என்றார். எதைக் கவனிக்க வேண்டும் என்று சாலோமி கேட்டாள். அவர் சரியாகச் சொல்லவில்லை.

கிருபைராஜ் எழுந்து நடந்தார், சாப்பிட்டார், வேடிக்கையாகப் பேசினார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஸ்தோத்திரக் காணிக்கை படைத்தார்கள். லில்லி ரயிலிலேயே வந்து இறங்கினாள். அப்பா ஸ்டேஷனுக்கு வந்திருந்து அவள் தலையைத் தடவிக்கொடுத்தார்.

பிள்ளை பிறந்த வாரத்தில் அது தொடங்கியது. சட்டைப் பித்தானைக் கையில் பிடித்துக்கொண்டு அதை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றில் கை வைத்தபடி அப்படியே இருந்தார். லில்லியைச் செத்துப்போன தம் தங்கை பேரால் கூப்பிட்டார். ஒரு மத்தியானம் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தவரிடம் "என்ன செய்யுதிய?" என்று சாலோமி கேட்டாள். "கதவைத் தொறக்கச் சொல்லு" என்றார்.

டாக்டர் மறுபடியும் வந்து பார்த்தார். கரிவாயுவின் விஷம் சிலரை விட்டுவிட்டுப் போன மாதிரிப் போய், சில வாரம் கழித்துத் திரும்பி வந்து மூளையைப் பிடிக்கும் என்றார். இந்த முறை தெளிவாகத்தான் சொன்னார்.

முதலில் யாரை இழுத்தாள் என்பதைப் பிச்சைக்கண்ணு பார்த்திருந்தான். அவன் யாரிடமும் சொல்லவில்லை. சாலோமியும் சொல்லவில்லை. பூதத்தான் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்து அவள் காலில் விழுந்தபோது அவளால் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவனை வேலைக்கு வரவேண்டாம் என்றாள். பிறகு அவளே ஆள் அனுப்பி, கிட்டங்கியில் இலை புடைக்கிற வேலைக்கு வைத்துக்கொண்டாள்.

கப்பல்கள் மறுபடி ஓடத் தொடங்கியபோது வியாபாரத்தை அவள்தான் பார்த்தாள். இஞ்சினும் உலையும் விலைபோயின. வண்டியை ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில் ஏரலிலிருந்து பழைய சாமான் வாங்குகிற பீர் முகம்மது வந்தார். கடற்கரைக்காரர்களுக்கு வலைக் குண்டு வார்க்க ஈயம் வேண்டும் என்றார். திராவகத்தைக் குழியில் கொட்டிவிட்டு, பாட்டரித் தகடுகளைக் கழுவி, இரண்டு ஆட்கள் முற்றத்து வழியாகச் சுமந்தார்கள்.

கிருபைராஜ் வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் யாரு வீட்டுச் சாமான்?"

"நம்ம வீட்டுதுதாங்க" என்றாள் சாலோமி.

அவர் யோசித்தார். "நல்ல கனம் போலுக்கே. பாவம், பைய தூக்கச் சொல்லு" என்றார். பிறகு, வேறொருவர் வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி, சுமப்பவர்களுக்கு வழிவிட்டு ஓரமாக ஒதுங்கி நின்றார்.