எதிராளிக்கும் ஒரு தட்டுச் சோறு

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. ஒட்டுக் கேட்டேன்.

அண்ணன் வீட்டு மாடி அறையில் நாவல் எழுதுவதாகச் சொல்லிக்கொண்டு மூன்று வேளையும் அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவன் நான். நாவல் நகரவில்லை. ஆனால் கீழே சாப்பாட்டு மேசையில் அண்ணி போனில் பேசுவது தெளிவாகக் கேட்கும். "அதைப் பட்டினி போட்டு ஓடவிட்டோம், அதான் நாம ஜெயிச்சோம்" என்று ஒருநாள் சொன்னார். யாரைப் பட்டினி போட்டார்கள் என்று தெரிந்துகொள்ள இறங்கி ஓடினேன். நாவல் அன்றோடு படுத்துவிட்டது.

அண்ணி ஒரு பெரிய நிறுவனத்தின் கணினி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவர். [இங்கே, "கண்ணாடிச் சுவர்களுக்கு அப்பால் எதிர்காலம் கண் விழித்துக்கொண்டு" என்று ஒரு வாக்கியம் தொடங்கி, வெட்கப்பட்டு நிறுத்திவிட்டேன். ஒருமுறை அங்கே போயிருக்கிறேன். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் இருந்தது ஒரு வெள்ளைப் பலகை. அதில் ஒரு சமன்பாடு, கீழே "அழிக்காதீர்கள்". எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டாராம். அழிக்க யாருக்கும் தைரியமில்லை.]

2

ஆய்வுக்கூடத்துக்கும் ஒரு பல்கலைக்கழகத்துக்கும் கூட்டு. ஆய்வுக்கூடம் பணமும் கணினிகளும் தரும். பல்கலைக்கழகம் ஒரு பேராசிரியரையும் மாணவர்களையும் தரும். ஒப்பந்தத்தில் இதைக் கூட்டாண்மை என்று எழுதியிருக்கிறார்கள். நான் பார்த்தவரைக்கும் அது சம்பந்தி உறவு. சிரிக்கச் சிரிக்கப் பேசுவார்கள், கட்டுரையில் யார் பெயர் முதலில் வருவது என்று வந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள்.

"நீங்க பொண்ணு வீடா, பிள்ளை வீடா அண்ணி?"

"பேராசிரியர் எப்ப வந்தாலும் எங்க காபியைக் குறை சொல்லிட்டுத்தான் போறார். அப்ப நாங்க பொண்ணு வீடுதானே தம்பி?"

இந்தச் சம்பந்திகள் சேர்ந்து பெற்ற பிள்ளை ஒரு மென்பொருள். தெரு இரைச்சலில் நின்று ஒருவர் போன் பேசினால், வண்டிச் சத்தத்தை எல்லாம் கழித்துவிட்டு அவருடைய குரலை மட்டும் மறுமுனைக்கு அனுப்பும். இது அதே வேலையைச் செய்யும் பழைய முறையைவிடச் சிறந்தது என்று அட்டவணை போட்டு ஒரு கட்டுரை எழுதிவிட்டார்கள். கட்டுரை நன்றாக வந்தால் ஒப்பந்தம் நீளும். ஒப்பந்தம் நீண்டால்தான் பல்கலைக்கழகத்து மாணவிக்கு உதவித்தொகை நீளும். அவளுக்கு முனைவர் பட்டம் இன்னும் பாதி வழியில் இருக்கிறது.

3

அந்த மாணவிக்கு ஆய்வுக்கூடத்தில் ‘சந்தேகம்’ என்று பெயர். அப்படிக் கூப்பிட்டால் அவளும் திரும்பிப் பார்ப்பாள்.

முதல் வரைவில் அவளை ஒடுங்கி நிற்கும் பெண்ணாக எழுதினேன். பாவமாக இருந்தால் வாசகர் அவள் பக்கம் சாய்வார் என்ற கணக்கு. நிஜத்தில் அவள் ஒடுங்குகிற ஆள் இல்லை. இரண்டாவது வரைவில் வேறு கவலை: இவ்வளவு நேர்மையான ஒருத்தியை யார் நம்புவார்கள்? ஒரு கெட்ட குணம் சேர்த்தால் நம்புவார்கள் என்று யோசித்தேன். சேர்க்கத் தேவைப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணியோடு வேலை பார்க்க வீட்டுக்கு வருவாள். மாடியேறி வந்து, கேட்காமல் என் பிஸ்கட்டை எடுத்துத் தின்பாள். நான் டப்பாவை மூடி, அகராதிக்குப் பின்னால் ஒளித்து வைப்பேன். கண்டுபிடித்துவிடுவாள்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை அண்ணி பக்கம் திருப்பினாள்.

"மேடம், நம்ம முறையை மாசக்கணக்கா உக்காந்து ட்யூன் பண்ணோம்.* பழைய முறையை?"

"அது வந்தபடியே ஓடவிட்டோம். எல்லாரும் அப்படித்தானே பண்றாங்க."

"அதையும் உக்காந்து ட்யூன் பண்ணிப் பாத்தேன்."

"யாரு பண்ணச் சொன்னா?"

"யாரும் சொல்லலை. மனசு கேக்கலை."

அண்ணி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். திரையை வெகுநேரம் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணுதான் மேடம். நம்மளுது ஒரு மயிரிழை முன்னாடி. அவ்வளவுதான்."

"வேற யாருக்காவது காட்டினியா?"

"எங்க சாருக்கு மெயில் போட்டிருக்கேன். இதோ, இவரும் பாத்துட்டிருக்காரு."

"இவர் பாத்தா ஒண்ணும் ஆகாது. இவருக்கு என்ன புரியப்போகுது?" என்றார் அண்ணி என்னைத் திரும்பிப் பாராமலே. பிறகு குரலை இறக்கினார். "இது வெளிய வந்தா ஒப்பந்தம் ஆட்டம் காணும். அது போனா முதல்ல போறது நீ. தெரியும்ல?"

"தெரியும் மேடம். அதான் ரெண்டு தடவை ஓடவிட்டுப் பாத்தேன்."

* ட்யூன் பண்ணுவது என்றால் ஒரு முறையின் திருகாணிகளை எல்லாம் முறுக்கிப் பார்த்து, அது எந்த நிலையில் மிக நன்றாக ஓடுகிறதோ அங்கே நிறுத்துவது. நம்மவனுக்கு இதைச் செய்துவிட்டு எதிராளிக்குச் செய்யாமல் விட்டால், அவனைப் பட்டினி போட்டுப் பந்தயத்தில் நிறுத்தியதற்குச் சமம். அண்ணி பிறகு ஒருநாள் போனில் சொன்ன பட்டினி இதுதான். யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை. தன் பிள்ளைக்கு ஊட்டுகிற மும்முரத்தில் பக்கத்து இலை காலியாக இருப்பது கண்ணில் படுவதில்லை.

4

பேராசிரியரை வில்லனாக்கினால் கதை சுலபமாக ஓடும். [ஒரு பத்தி எழுதினேன். அதில் அவருக்கு மீசை கூட முளைத்தது. அடித்துவிட்டேன்.] போனில் அவர் சொன்னது இவ்வளவுதான்: "புது அட்டவணையை அடுத்த கட்டுரைல போட்டுக்கலாம்மா. பொய் சொல்லச் சொல்லலை, கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்றேன். அந்தப் பொண்ணு படிப்பை முடிக்கட்டுமே."

இதில் எந்த வார்த்தையோடு சண்டை போடுவது என்று அண்ணிக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. அன்று அண்ணி குழம்பில் இரண்டு முறை உப்புப் போட்டார். அண்ணன் வாயைத் திறக்காமல் சாப்பிட்டு எழுந்தார். இல்லற அனுபவம்.

இதுவரைக்கும் எழுதியதைச் சந்தேகத்திடம் படிக்கக் கொடுத்தேன். தவறு என்னுடையது.

"எதுக்கு நம்பர் போட்டிருக்கீங்க? எதுக்கு நட்சத்திரம்?"

"மீபுனைவும்மா. கதை தன்னைப் பத்தியே யோசிக்கும். அது ஒரு புது முறை."

"சரி, நேரா சொன்னா என்ன ஆகும்? ஓடவிட்டுப் பாத்தீங்களா?"

"அது வந்து..."

"உங்க முறைக்கு அடைப்புக்குறி, அடிக்குறிப்பு எல்லாம் போட்டு நல்லா ஊட்டியிருக்கீங்க. பழைய முறைக்கு என்ன போட்டீங்க?"

சொல்லிக்கொண்டே அகராதியை நகர்த்தி டப்பாவை எடுத்தாள்.

5

பழைய முறை. ஊட்டி வளர்த்தது.

கட்டுரையை அனுப்பக் கடைசி நாள் மாலை, ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் கிளம்பிப் போன பிறகு, அண்ணியும் அந்தப் பெண்ணும் மட்டும் ஒரே திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அட்டவணையில் இரண்டு வரிசைகள். மேலே பழைய முறை, கீழே அவர்களுடைய முறை. அண்ணி மேல் வரிசையில் இருந்த எண்ணை அழித்துவிட்டுப் புது எண்ணைத் தட்டினார். இத்தனை மாதம் பளபளத்த கீழ் வரிசை திடீரென்று சாதாரணமாகத் தெரிந்தது. பேராசிரியரைப் போனில் கூப்பிட்டுச் சொன்னார். அவர் புது எண்ணை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். பிறகு, "சரிம்மா, என் பேரும் கட்டுரைல இருக்கட்டும். அவகிட்ட நான் என்ன சொல்றது?" என்று கேட்டார். "நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம் சார். அவ பக்கத்துலதான் இருக்கா" என்றார் அண்ணி. அனுப்பும் பொத்தானை அழுத்த அந்தப் பெண் கை நீட்டினாள். அண்ணி அவள் கையைப் பிடித்து மேசையில் வைத்தார். "உன் கையால வேணாம். நாளைக்கு உன் படிப்பு நின்னுச்சுன்னா, நான் அழுத்தினதாலதான்னு இருக்கட்டும்." அழுத்தினார். பிடித்த கையை விடவில்லை.

[வாசகரே, மேலே ஒரு அடைப்புக்குறி கூட இல்லை, கவனித்தீர்களா? என் முறை ஒரு மயிரிழையாவது முன்னால் இருக்கிறது என்று நீங்கள் சொன்னால் சந்தோஷப்படுவேன். வற்புறுத்தவில்லை.]

6

இனி ஆய்வுக்கூடத்தின் மேலிடம் முடிவு சொல்ல வேண்டும். காத்திருந்த வாரத்தில் நானே இரண்டு முடிவுகள் எழுதி வைத்தேன்.

முதல் முடிவில் ஒப்பந்தம் நீள்கிறது. அதற்கு ஒரு முழுப் பக்கம். வானம் வெளுக்கிறது, பேராசிரியர் காபியைப் பாராட்டுகிறார், மேலதிகாரி கண் கலங்குகிறார். இரண்டாவது முடிவு: "ஒப்பந்தம் நீளவில்லை. அவள் போனாள்." தீர்ந்தது.

படித்துப் பார்த்தபோது எனக்கே பிடிபட்டது. நானும் பட்டினி போட்டிருக்கிறேன்.

ஆகவே மறுபடி உட்கார்ந்தேன். முதல் முடிவில் வானத்தையும் கண்ணீரையும் எடுத்தேன். காபியை விட்டுவைத்தேன். இரண்டாவதற்கு ஊட்டினேன்: அவள் படிப்பைப் பாதியில் விட்டுப் போகிறாள், ஒரு சின்னக் கம்பெனியில் சேர்கிறாள். விலை குறைந்த போன் செய்கிற கம்பெனி. புது முறைக்கு அந்தப் போனில் இடம் போதாது. ட்யூன் பண்ணிய பழைய முறை கச்சிதமாகப் பொருந்துகிறது. ஏதோ ஒரு கடைத்தெருவில், பேருந்துச் சத்தத்துக்கு நடுவே, யாரோ ஒருவர் தன் அம்மாவிடம், "கேக்குதாம்மா?" என்கிறார். கேட்கிறது. அண்ணிக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாட்டு மேசை அகலமாகத் தெரிகிறது.

இப்போது இரண்டும் ஏறக்குறைய சமமாக ஓடுகின்றன. எனக்கு எது வேண்டும் என்று கேட்காதீர்கள். கேட்டால் மறுபடி ஒன்றுக்குக் கூடுதலாகப் பரிமாறிவிடுவேன்.

7

இன்று ஞாயிறு இல்லை. ஆனால் அவள் வந்திருக்கிறாள். பதில் வந்துவிட்டது போலிருக்கிறது. "டேய், கீழ வாடா!" என்று அண்ணன் கத்துகிறார். நல்ல செய்திக்கும் அப்படித்தான் கத்துவார், காஸ் தீர்ந்தாலும் அப்படித்தான்.

துவைக்கும் இயந்திரம் சுற்றுகிறது. சமையலறையில் குழாயை யாரோ மூட மறந்துவிட்டார்கள். அதற்குள்ளே இரண்டு பெண்களின் குரல், மூச்சு வாங்க, விட்டு விட்டு. சிரிப்பாக இருக்கலாம். அழுகையும் தூரத்தில் அப்படித்தான் கேட்கும்.

நான் இறங்கப் போவதில்லை. நீங்கள் கேட்டுப் பாருங்கள். இயந்திரத்தைக் கழியுங்கள், தண்ணீரைக் கழியுங்கள், அண்ணனைத் தாராளமாகக் கழியுங்கள். உங்களுக்கு எந்த முறை கைவருமோ அந்த முறையில். நீங்கள் ஆசைப்படாத முடிவுக்கும் ஒரு தட்டு வைத்துவிட்டு.

படியில் காலடிச் சத்தம். மேலேதான் வருகிறாள்.

அகராதியை நகர்த்தி, டப்பாவை எடுத்து மேசை நடுவில் வைத்திருக்கிறேன். மூடியைத் திறந்து.