மிச்சப் பாலுக்குச் சாயம்

கட்டுகஸ்தோட்டைக்கு மேலே, மலைச்சரிவில் கம்பி வேலி போட்ட ஆட்டுப் பண்ணை ஒன்றில் எனக்குக் கொட்டில் கழுவுகிற வேலை. புழுக்கையும் மூத்திரமும் புளித்த பாலும் சேர்ந்த நாற்றம், எத்தனை சவர்க்காரம் போட்டாலும் நகக்கண்ணை விட்டுப் போகாது. கறந்த பால் குளிர்வண்டியில் கொழும்புக்குப் போகும். மருந்துக்கு என்றார்கள். ஆட்டுப்பால் மருந்துதானே என்று நானும் மேலே கேட்கவில்லை.

பண்ணையின் பழைய மிருக டொக்டர் வண்டி ஏறாத பாலைத் தானே நின்று குழியில் ஊற்றிவிட்டுப் போவார். அவருக்குப் பதிலாக வந்தவர் யாழ்ப்பாணத்துப் பெண்பிள்ளை. வந்த அன்றே சொன்னார்: "மிச்சப் பாலுக்குச் சாயம் போட்டுவிடுங்கோ. மறக்கக் கூடாது."

கங்காணி செல்லச்சாமியின் முகம் மலர்ந்துவிட்டது. தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்த எங்களுக்குச் சாயம் என்றால் தேயிலைச் சாயம்தான், பால் கலக்காத வெறும் தேத்தண்ணி.

"பாத்தியா, பழையவரு ஒரு சொட்டு தொட விடல. இந்தப் புள்ளைக்கு நம்ம தொண்ட தெரியுது."

அன்றிலிருந்து மிச்சப் பாலைக் காய்ச்சி, சாயம் ஊற்றிக் குடித்தோம். நான் ஒரு போத்தல் வீட்டுக்கும் கொண்டுபோனேன். பேத்தி கிஷானிக்கு நெஞ்சுச் சளி. ஆட்டுப்பாலில் கரையும் என்று என் பெண்சாதி அன்னலட்சுமி ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரு பின்னேரம் டொக்டர் கொட்டிலுக்குள் வந்தார்.

"என்ன குடிக்கிறியள்?"

"நீங்க சொன்னதுதாங்க மிஸ். பாலுக்குச் சாயம் போட்டோம். ஒங்களுக்கும் ஊத்தவா?" என்றான் செல்லச்சாமி.

அவர் ஓடிப்போய் நீலத் திரவம் நிரம்பிய போத்தல் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். "இதுதான் சாயம். ஒருத்தரும் குடிக்காம நிறம் மாத்தி ஊத்தச் சொன்னனான். இந்த ஆடுகளுக்குக் கருவிலேயே மனுச மரபணு ஒண்டு வைச்சிருக்கு. எங்கட ரத்தத்தில இருக்கிற புரதம் பாலில சுரக்கும். அதைப் பிரிச்செடுத்து, ரத்தம் நிக்காத ஆக்களுக்கு ஊசியாப் போடுவினம்."

செல்லச்சாமி கோப்பையைக் கீழே வைத்தான். "அப்ப நாங்க குடிச்சது மனுச ரத்தமா?"

"ரத்தம் இல்ல. வயித்தில செமிச்சுப் போயிடும் எண்டுதான் நினைக்கிறன்."

நினைக்கிறாராம். என் நாக்கில் பாலாடை ஒட்டிக் கிடந்தது. வழித்துத் துப்பினேன். மறுபடி ஊறியது. மடி கனத்த ஆடு ஒன்று அசை போட்டபடி என்னையே பார்த்தது.

"பச்சப் புள்ள குடிச்சா மிஸ்?" என்றேன்.

"ஆர் குடிச்சது? முதல்ல நிப்பாட்டுங்கோ. நாளைக்கே ஆசுபத்திரியில காட்டுங்கோ."

பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு ஓடினேன். கிஷானி குசினியில் அடுப்போரம் கோப்பையோடு இருந்தாள். உதட்டுக்கு மேல் வெள்ளைக் கோடு. பிடுங்கிவிட்டேன். அவள் அழுதாள்.

"என்னா மனுசன் நீங்க? ரெண்டு நாளா புள்ள இருமல," என்றாள் அன்னலட்சுமி.

"அது பாலில்ல. மனுச ரத்தத்துல உள்ளது அதுல ஊறுதாம்."

"ஆட்டுக்குள்ள ஏதுங்க மனுசன்?" என்று சிரித்தவள், போத்தலை முகர்ந்து பார்த்தாள். முகம் கோணியது. மிஞ்சிய பாலாடையை எல்லாம் வழித்துத் தின்றவள் அவள்தான். வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைக்குப் போனாள்.

போத்தலை வாசலோரச் சாக்கடைக் கானில் கவிழ்த்தேன். பக்கத்து வீட்டு நாய் வந்து சப்புக்கொட்டி நக்கியது. கல்லால் எறிந்தும் போகவில்லை.

கிஷானி உண்மையாகவே இருமவில்லை. அதுதான் எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது. அவள் வந்து என் இடுப்புச் சாரத்தைப் பிடித்து இழுத்தாள்.

"தாத்தா, இன்னும் கொஞ்சம்."