வேலைக்கு வராத கட்டைவிரல்

பாலிஷ் சக்கரம் சட்டியை விட்டுவிட்டு அவளுடைய வலது கட்டைவிரலைத் தேய்த்த நாளிலிருந்து, அவள் வேலைக்கு வருவதில்லை என்று பாத்திரக் கம்பெனி வாசலில் இருந்த வருகைப்பதிவு மிஷின் சாதித்துக்கொண்டிருந்தது. அவளோ ஒரு நாள் தவறாமல் வந்து, பாதி இடதுகையாலும் மீதி பல்லைக் கடித்துக்கொண்டுமாகச் சட்டிகளை மினுக்கிக்கொண்டுதான் இருந்தாள். தினமும் மிஷினில் விரலை வைப்பாள். சிவப்பு எரியும். "மீண்டும் முயலவும்" என்று ஒரு பெண்குரல், ஓரகத்தி மாதிரி மரியாதையாகக் கழுத்தறுக்கும்.

"வராத ஆளு, சாப்பாட்டு மணிக்கு மட்டும் எப்படிடி முதல்ல வந்து நிக்கிற?" என்றாள் பக்கத்துச் சக்கரத்துக்காரி.

"வந்தது நான் இல்லக்கா, என் ஆவி. அதுக்கும் பசிக்குமில்ல."

சிரித்துவிட்டு, மிச்ச நாளை விரல்விட்டு எண்ணினாள். இருபத்தைந்து நாள் பதிவு இல்லையென்றால் பேர் தானாக அழிந்துவிடும். பன்னிரண்டு வருஷ சர்வீஸ் போய், நேற்று வந்தவளோடு வரிசையில் நிற்க வேண்டியதுதான். வேறு விரலைப் பதியலாம். அதற்குத் தலைமை ஆபீஸ் ஆள் வரவேண்டும், அவர் அடுத்த மாதம்தான் வருவார். "நீ வந்திருக்கேன்னு எனக்குத் தெரியுதும்மா, மிஷினுக்குத் தெரியலையே" என்றார் சூப்பர்வைசர், அவள் தேய்த்த சட்டியில் தன் தலைமுடியைச் சரிசெய்துகொண்டே.

மருந்து வைத்துக் கட்டிய நர்ஸ், "மேல்தோல்தான் போயிருக்கு. ரேகையோட அச்சு அடியில இருக்கு, அதே மாதிரி வந்துரும். தண்ணியில நனைக்காதே, நோண்டாதே" என்றிருந்தாள். 'நனைக்காதே' என்றதை உடன் போயிருந்த புருஷனும் கேட்டுவிட்டான். அன்றிலிருந்து வீட்டில் பாத்திரம் கழுவுவது அவன் தலையில்.

அவன் தையல்காரன். பொருக்கு உதிர்ந்து, பிறந்த குழந்தையின் கன்னம் போலப் புதுத்தோல் வந்ததும், சாயங்காலம் தவறாமல் அவள் விரலைத் தையல் மிஷின் விளக்கடியில் வைத்து, பூதக்கண்ணாடியால் பார்ப்பான்.

"ஒரு கோடும் இல்ல. வழுவழுன்னு நல்ல பட்டு மாதிரி இருக்கு."

"பதினாறு வருஷத்துல இத்தனை தடவ என் கையப் புடிச்சதே இல்ல நீங்க."

"புடிச்சா நீ பாத்திரம் கழுவச் சொல்லுவேன்னு தெரியும், அதான்."

புதுத்தோல் அரித்தது. தூக்கத்தில் அவள் சொறியப் போனால் அவன் பட்டென்று ஒரு அடி வைப்பான். "சர்வீஸைச் சொறியாதடி."

பத்தொன்பதாம் நாள் கோடு தெரிகிறது என்றான். அது அவன் கண்ணாடியில் இருந்த கீறல். இருபத்தோராம் நாள் நிஜமாகவே தெரிந்தது. விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவன், அவள் கையை விடாமலே, "அப்ப நாளையிலருந்து பாத்திரம்?" என்றான்.

"மிஷின் சொல்லட்டும்."

இருபத்திரண்டு, சிவப்பு. இருபத்து மூன்று, சிவப்பு. இருபத்து நான்காம் நாள் காலையில் விரலை முந்தானையில் துடைத்து, ஊதி, வைத்தாள். பச்சை எரிந்தது. "நன்றி" என்றது பெண்குரல். பின்னால் நின்ற வரிசையே கைதட்டியது.

சூப்பர்வைசர் அவளை உள்ளே கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார்.

"சந்தோஷம்மா. இப்ப நீ வந்துட்டதா மிஷின் ஒத்துக்கிச்சு. அதனால இருபத்து மூணு நாள் ஏன் வரலைன்னு விளக்கம் எழுதிக் குடுக்கணும்."

அவள் அவரைப் பார்த்தாள். தாளைப் பார்த்தாள். 'வராததற்கான காரணம்' என்று இருந்த கட்டத்துக்குப் பக்கத்தில் மேஜையில் மைப்பெட்டி திறந்து கிடந்தது. விரலை அதில் அழுத்தி, கட்டத்தின் நடுவில் வைத்து எடுத்தாள்.

"எழுதப் படிக்கத் தெரிஞ்சவதானே நீ?"

"எழுதினா எழுத்தை நம்ப மாட்டீங்க சார்."

அவர் தாளை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். நீல மையில் கோடுகள் சுழன்று சுழன்று போய், சக்கரம் ஆழமாகப் பட்ட ஓரிடத்தில் மயிரிழை அளவு வெள்ளையில் நின்று, தாண்டி, மறுபக்கம் மறுபடி கிளம்பிப் போயின.