மாடி அறையில் ஒரு மத்தியானத் தூக்கம்

வெள்ளைக்காரன் காலத்து வீடு. நூற்றைம்பது வருஷம் நகரத்தின் நடுவே நின்று ஓய்ந்து, போன வருஷம் பழுது பார்க்கப்பட்டு விற்பனைக்கு வந்திருந்தது. வாங்க வருகிறவர்களுக்கு அதைக் காட்டும் தரகரம்மா, அன்றும் முன்னதாகவே போய்ச் சன்னல்களைத் திறந்தாள்.

கணவர் இறந்துபோன இந்த இரண்டு வருஷமாக அவளுக்குத் தூக்கம் கிடையாது. மாத்திரைக்கும் கண் மசியவில்லை. மாடி அறையில் இன்னும் திறக்காத மரச்சட்டச் சன்னலின் இடுக்குகள் வழியே வெயில் கோடு கோடாக விழுந்திருந்தது. மெழுகு தேய்த்த பலகைத் தரை வெதுவெதுப்பாக இருந்தது. சற்று முதுகை நீட்டலாமென்று படுத்தாள். தெருச் சத்தம் தண்ணீருக்கடியிலிருந்து கேட்பதுபோல் வந்தது. எட்டாத உயரத்துக் கூரை மெல்ல மெல்ல இன்னும் மேலே போயிற்று. அவ்வளவுதான் தெரியும்.

கண் விழித்தபோது, அறை வாசலோரம் ஒரு கணவனும் மனைவியும் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். வீடு பார்க்க வந்த பல் டாக்டரும் அவர் சம்சாரமும்.

தரகரம்மாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "எழுப்பியிருக்கலாமே சார்."

"நான் எழுப்பத்தான் வந்தேன். இவ விடல."

"ஒரு மணி நேரமா இருக்கோம்," என்றாள் மனைவி. "வெயில் அந்தச் சுவத்துலேருந்து இங்க வந்துடுச்சு. இவர் இவ்ளோ நேரம் வாய மூடிட்டிருந்து நான் பார்த்ததே இல்ல."

தூக்கக் கலக்கத்தில் தரகரம்மாவின் வாய் தானாகப் பேசியது. "மேற்குச் சன்னல்ல சாரல் அடிக்கும் சார். என்ன பூசினாலும் சுவர் ஊறுது."

டாக்டர் சிரித்தார். "ஊசி போடாமலே உண்மை வந்துடுச்சு."

மனைவி சிரிக்கவில்லை. "எத்தன நாளாச்சும்மா நீங்க தூங்கி?"

"அவர் போனதுலேருந்து," என்றாள். இதுவரை யாரிடமும் சொல்லாதது. சொன்னதும் தொடர்ந்து வந்தது. அவர் செருப்பை இன்னும் தன் வீட்டு வாசலிலிருந்து எடுக்காததுவரை. மூவரும் தரையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். சுவர்கள் மஞ்சளாகி, ரோஜா நிறமாகி, சாம்பலாயின. யாருக்கும் விளக்கைப் போடத் தோன்றவில்லை.

அடுத்த மாதம் பத்திரம் பதிவானது. சாவியைக் கொடுக்க வந்தவளை டாக்டரின் மனைவி கையைப் பிடித்து மாடிக்கு அழைத்துப் போனாள்.

"கட்டில எங்க போடலாம்? நீங்கதான் சொல்லணும்."

அவள் அறை நடுவில் நின்று, அன்று தான் தூங்கிய இடத்தைத் தேடி வெகுநேரம் யோசித்தாள்.